அடிபடக் கூடாத உடம்பு

நடைபாதையில் ஒரு சிமெண்ட் பலகை லேசாக ஆடினால் போதும், அக்கா அதன்மேல் கால் வைக்க மாட்டார். நிற்பார். சாலையில் வண்டி வருகிறதா என்று பார்ப்பார். இறங்கி, பலகையைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடி ஏறுவார். பின்னால் ஓடி வருகிற நாங்கள் அவர் முதுகில் மோதாமல் இருக்க ஆளுக்கொரு பக்கம் சிதறுவோம். புனேயின் ஹிஞ்சேவாடியில் ஆடாத பலகை எங்கே இருக்கிறது? அக்காவோடு ஓடுவது என்றால் பாதி நேரம் நிற்பது என்றே அர்த்தம்.

அக்கா என்று சொல்கிறேனே தவிர, சொந்தம் ஒன்றும் இல்லை. அவர் கோபிச்செட்டிப்பாளையம் பக்கம். நான் சென்னை. இரண்டு பேரும் பிழைப்புக்காகப் புனே வந்து, ஒரே சொசைட்டியில், அதாவது அடுக்குமாடி வளாகத்தில், எதிரெதிர் டவரில் குடியிருந்தோம். கம்பெனி வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்ளும் முன் விடிகாலையில் ஓடிவிட்டு வரும் குழு ஒன்று அங்கே உண்டு. அதில் தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான். அதனாலேயே ஒட்டிக்கொண்டோம். அவர் இப்போது புனேயில் இல்லை. ஆனாலும் ஆடுகிற பலகையைப் பார்த்தால் எனக்குக் கால் தானாக இறங்கிவிடுகிறது.

ஓடுகிறவர்களின் மனசு ஒரு விசித்திரமான சாமான். காயம் வரக் கூடாது என்று எங்கள் குழு பேசிய பேச்சுக்கு அளவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம் முடிந்து, டீக்கடை வாசலில் போஹா என்கிற அவல் உப்புமாத் தட்டோடு நிற்கும்போது கேட்க வேண்டும். ஒருவருக்கு முட்டி, ஒருவருக்குக் குதிகால், ஒருவருக்கு இடுப்பு. எல்லோரும் எல்லோருக்கும் டாக்டர். ஷூவை மாற்று என்பார் ஒருவர், ஷூவே வேண்டாம் என்பார் இன்னொருவர். ஐஸ் வை, மஞ்சள் பத்துப் போடு, டேப்பை இப்படிக் குறுக்காக ஒட்டு. ஒரே ஒரு வைத்தியத்தை மட்டும் யாரும் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள்: கொஞ்ச நாள் ஓடாமல் இரு. மற்றவனுக்கு வலி வந்தால் அவன் ஒழுங்காக உடம்பைத் தயார்படுத்தவில்லை, நமக்கு வந்தால் ரோடு சரியில்லை. நானும் அந்த ரகம்தான். முழங்காலுக்குக் கீழே எலும்போரம் ஒரு வலி என்னோடு வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. அதைக் காலி பண்ணச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அக்கா எங்களுக்கு நேர் எதிர். தொடையில் ஒரு தசை சும்மா லேசாக இழுத்தால் போதும், அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். ஆட்டோவைக் கைகாட்டி ஏறி வீட்டுக்குப் போய்விடுவார். மழைத்தூறல் விழுந்தால் வர மாட்டார். இறக்கத்தில் ஓட மாட்டார், நடப்பார். ஹோலி அன்று தரை ஈரமாக இருக்கும் என்று கீழேயே இறங்க மாட்டார். ஸ்கூட்டர் ஓட்டாத பெண்ணைப் புனேயில் தேடித்தான் பிடிக்க வேண்டும்; அக்கா வைத்திருந்த ஸ்கூட்டரையும் விற்றுவிட்டார். குழுவில் அவருக்குக் கண்ணாடிச் சாமான் என்று பெயர். இந்தியில் சொல்வார்கள். அக்காவுக்கும் தெரியும். சிரிப்பார்.

ஒருமுறை எல்லோரும் சேர்ந்து வற்புறுத்தி அவரை ஒரு பந்தயத்தில் பெயர் கொடுக்க வைத்தோம். குழுவை நடத்துகிறவர் ஒரு மராட்டிக்காரர். அவரை எல்லோரும் கேப்டன் என்போம். நல்ல மனுஷர், ஓட்டம் என்றால் மட்டும் வெறி. அவர் அக்காவைத் தாயி என்று கூப்பிடுவார். மராத்தியில் தாயி என்றால் அக்காதான். அன்றைக்கு அக்கா நன்றாகத்தான் ஓடினார். முடிவு வளைவு கண்ணுக்குத் தெரிகிறது, ஆட்கள் கை தட்டுகிறார்கள், டிரம் அடிக்கிறார்கள். அந்த இடத்தில் அக்கா நின்றார். குனிந்து பின்னங்காலைத் தொட்டுப் பார்த்தார். கயிற்றைத் தாண்டி வெளியே வந்துவிட்டார்.

கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். "தாயி, ஃபினிஷ் லைன் அங்கேதானே இருந்தது! நடந்தாவது போயிருக்கலாமே!" என்று இந்தியில் கத்தினார்.

"நாளைக்குக் காலைல வேலை இருக்குதுங்க," என்றார் அக்கா, தன் உடைந்த இந்தியில்.

அவர் எந்த வேலைக்கும் போகவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் இன்னும் சிரித்தோம்.

அந்த வேலை என்ன என்று நான் தெரிந்துகொண்டது என் கால் வலியால். ஒருநாள் நான் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் ஊட்டுக்கு வா அம்மிணி, என்னன்னு பார்க்கறேன்," என்றார். போனேன். சோபாவில் உட்கார வைத்து, கட்டை விரலால் என் எலும்போரம் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார்.

"வலி பரவலா இருந்தா பயமில்லை. ஒரே புள்ளில, விரல் வச்ச இடத்துல சுருக்குன்னா உடனே நிறுத்திப்போடோணும். அது எலும்பு பேசறது. எலும்பு பேசுனா எதுத்துப் பேசக் கூடாது."

அப்போது உள்ளறையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கூப்பிடுகிற சத்தம்தான், ஆனால் வார்த்தை இல்லை. அக்கா எழுந்து போனார். நானும் பின்னால் போனேன்.

கட்டிலில் ஒரு பையன் படுத்திருந்தான். பையன் என்றா சொல்வது, மீசை வைத்த ஆள். கல்லூரி முடிக்கிற வயது. கையும் காலும் மடங்கி இறுகியிருந்தன. பிறந்தபோதே மூளைக்கு மூச்சு போதாமல் போய்விட்டதாம். கண்ணில் மட்டும் அப்படி ஒரு துறுதுறுப்பு. என்னைப் பார்த்ததும் வெட்கப்பட்டு முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டான்.

"சென்னை அக்கா வந்திருக்குது, என்ன சாமி வெக்கம்?" என்றபடியே அக்கா கட்டிலோரம் நின்றார். கால்களை அகட்டி ஊன்றினார். முழங்காலை மடக்கினார். ஒரு கையை அவன் கழுத்துக்குக் கீழும் மற்றதை முட்டிக்கு அடியிலும் கொடுத்தார். "போலாமா?" என்றார். அந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவன் மாதிரி அவன் சிரித்தான். சிரித்துவிட்டு மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டான். அப்படிச் செய்தால் தன் கனம் குறையும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அக்கா அவனைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்தார். அவரைவிட அவன் ஒரு சாண் உயரம்.

கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, அங்கிருந்து மறுபடி கட்டில். விடிந்ததிலிருந்து படுக்கும்வரை இதுதான் அந்த வேலை. முன்பு அவர் கணவர் தூக்கினார். ஒருநாள் குளியலறையில் தூக்கித் திரும்பும்போது அவர் முதுகில் டிஸ்க் பிசகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது. பாவம், மகனை அம்மா தூக்கும்போதெல்லாம் அவர் வேறு அறைக்குப் போய்விடுவார். நோயாளிகளைத் தூக்கும் இயந்திரம் ஒன்றும் வாங்கிப் பார்த்தார். துணித் தொட்டிலில் அந்தரத்தில் தொங்கியதும் பையன் பயந்து அலறியிருக்கிறான். அந்த இயந்திரம் பால்கனியில் நின்றது. அதில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஆள் வைத்தால் அவர்கள் தொட்டதும் அவன் உடம்பு இன்னும் இறுகிவிடும். அம்மா கை மட்டும்தான் அவனுக்கு ஒத்து வந்தது.

"அவன் வளர்றான் அம்மிணி. நான் தேயறேன்," என்றார் அக்கா, வெளியே வந்து எனக்கு டீ ஆற்றிக்கொண்டே. "ஓடலைன்னா எனக்குத் தெம்பு பத்தாது, அவனைத் தூக்க முடியாது. ஓடி அடிபட்டுட்டாலும் தூக்க முடியாது. ரெண்டுக்கும் நடுவுல ஓடிட்டிருக்கறேன்."

இதைக் குழுவில் சொன்னால் யாரும் கேலி பண்ண மாட்டார்கள் என்றேன்.

"கேலி பண்ணுனா பரவால்லை. பாவம் பார்ப்பாங்க. அதுக்குக் கேலியே தேவலை. அந்த ஒரு மணி நேரம் நான் யாருக்கும் பாவம் இல்லை பாரு."

இதில் எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கடமைக்காக ஓடுகிறேன் என்று சொல்வாரே தவிர, அவருக்கு ஓட்டம் பிடிக்கும். நன்றாகவே பிடிக்கும். ஒரு குளிர்காலக் காலையில் பாஷாண் ஏரிப் பக்கம் நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தோம். நல்ல தார் ரோடு, ஆள் அரவம் இல்லை, லேசான இறக்கம். அக்கா அந்த இறக்கத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டு நின்றார். பலகாரக் கடைக் கண்ணாடி முன்னால் சர்க்கரை வியாதிக்காரர் நிற்பாரே, அந்த மாதிரி. பிறகு, "வேண்டாஞ் சாமி," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்து இறங்கினார்.

கணபதி பண்டிகைக்கு முன்னால் ஊரெங்கும் டோல் என்கிற பெரிய மேளத்தை அடித்துப் பழகுவார்கள். பையனுக்கு அந்தச் சத்தம் உயிர். சொசைட்டி மைதானத்தில் பயிற்சி நடந்தால் அக்கா அவனை நாற்காலியில் கீழே கூட்டி வருவார். டோல் நெஞ்சில் இடிக்க இடிக்க அவன் வாயெல்லாம் சிரிப்பாக இருப்பான். சுற்றிப் பெண்கள் எல்லாம் ஆடுவார்கள். கேப்டனின் மனைவி அக்கா கையைப் பிடித்து இழுத்தார். அக்கா வரவில்லை. ஆடிக் கால் பிசகினால்? நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய விரல்கள் மட்டும் தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தன. அந்தக் கூட்டத்தில் அவ்வளவு நன்றாக ஆடியது அந்த விரல்கள்தான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

அன்று திரும்பி வரும்போது அவர் சொன்னதை என்னால் மறக்கவே முடியாது.

"இந்த மாதிரிப் புள்ளைங்களைப் பெத்தவங்க சில பேரு, எனக்கு முன்னால இவனைக் கூப்பிட்டுக்கோ கடவுளேன்னு வேண்டிக்குவாங்க. அவங்க மேல தப்பில்லை. அப்புறம் யார் பார்ப்பாங்கற பயம். நான் அப்படி வேண்டிக்க மாட்டேன் அம்மிணி. அதுக்குப் பதிலாத்தான் ஓடறேன்."

அவன் போனது மழைக்காலத்தில். சளி, காய்ச்சல், நெஞ்சில் கபம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், குழாய் வைத்தார்கள், சில நாள் தாங்கினான், போய்விட்டான். அக்கா உடம்பில் அன்றைக்கு ஒரு சுளுக்குக்கூட இல்லை. எந்தத் தசையும் இழுக்கவில்லை, எந்த எலும்பும் பேசவில்லை. அத்தனை கவனமாகக் காப்பாற்றி வைத்த உடம்பு அப்படியே இருந்தது. யாருக்காகக் காப்பாற்றினாரோ அவன் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கொஞ்ச நேரம் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். குழுவில் எல்லோரும் வந்திருந்தோம். டோல் அடிக்கும்போது நாற்காலியில் தூரத்திலிருந்து பார்த்ததைத் தவிர, மற்றவர்கள் அவனை அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்க்கிறார்கள். எடுத்துக்கொண்டு போக ஆண்கள் நாலு பேர் குனிந்தார்கள். அதுவரை சுவரோரம் அழாமல் உட்கார்ந்திருந்த அக்கா சட்டென்று எழுந்து வந்தார்.

"அப்படி இல்லீங்க. கழுத்துக்கு அடியில கை குடுங்க, தலை தொங்கிரும். முட்டியை நீட்டாதீங்க, அவனுக்கு நீட்ட வராது."

நாலு பேரும் விழித்தார்கள். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. நான் இந்தியில் சொன்னேன். கேப்டன்தான் கழுத்துக்கு அடியில் கை கொடுத்தார். அப்படியும் அக்காவுக்குத் திருப்தி இல்லை. அவர்களை ஒதுக்கிவிட்டு, கால்களை அகட்டி ஊன்றி, முழங்காலை மடக்கி, தானே அவனைத் தூக்கினார். தூக்குவதற்கு முன் அவர் உதடு அசைந்தது. என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவன் இந்தத் தடவை மூச்சைப் பிடிக்கவில்லை. வாசல் வரை தூக்கிக்கொண்டு நடந்து, அங்கிருந்த பாடையில் படுக்க வைத்தார்.

காரியமெல்லாம் முடிந்து, அக்கா மறுபடி ஓட வந்தபோது எங்கள் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்தது. ஓடினால் துக்கம் குறையும் என்று ஓடுகிறவர்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்களுக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான். முதல் நாளே தூறல். அக்கா வந்தார். உடம்பைத் தயார்படுத்துவதற்குக்கூட நிற்காமல் நேராக ஓட ஆரம்பித்தார். ஆடுகிற பலகை வந்தது. அதன்மேலேயே கால் வைத்து ஓடினார். பின்னால் இருந்த நான் பழக்கத்தில் ஒதுங்கி, சாலையில் இறங்கி நின்றுவிட்டேன்.

அதற்கப்புறம் அவர் எதற்கும் நிற்கவில்லை. ஈர ரோட்டில் ஓடினார். இறக்கத்தில் காலை விட்டுவிட்டு ஓடினார். பாஷாணில் அவர் அன்று ஏங்கிப் பார்த்துவிட்டு நடந்து போன இறக்கம், அதில் எங்கள் குழுவின் வாலிபர்களையே தாண்டிக்கொண்டு போனார். ஓய்வு நாள் என்று ஒன்று இல்லை. எங்களில் யாருக்கும் இல்லாத வேகம் அந்த உடம்புக்குள் இத்தனை வருஷமும் இருந்திருக்கிறது.

"ஏக் நம்பர், தாயி!" என்று கேப்டன் கூவினார். முதல் தரம் என்று இந்த ஊர்ப் பாராட்டு அது.

எங்கள் குழுவில் ஒரு வழக்கம். யாராவது தன் பழைய நேரத்தை முறியடித்தால், கேப்டன் கார் டிக்கியிலிருந்து ஒரு ஃபேட்டாவை எடுப்பார். கல்யாணத்திலும் விழாவிலும் இங்கே ஆண்களுக்குக் கட்டும் காவி நிறத் தலைப்பாகை அது. கட்டித் தயாராக வைத்தது, தொப்பி மாதிரி மாட்டலாம். அதைத் தலையில் வைத்துப் படம் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை அக்கா தலையில் வைத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மெய்யான அன்போடுதான் தட்டினார்கள். துக்கத்தை ஓட்டத்தால் ஜெயித்த பெண்மணி என்று ஒருவர் எழுதினார், அதன் கீழே வரிசையாகப் பூங்கொத்து. காவித் தலைப்பாகைக்குக் கீழே அக்காவின் முகம் எந்த மாறுதலும் இல்லாமல் கேமராவைப் பார்த்தது. போஹா தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டேன். இவர்கள் எதற்குக் கை தட்டுகிறார்கள் என்று இவர்களில் ஒருவருக்காவது தெரியுமா? காப்பாற்ற ஒன்றும் மிச்சம் இல்லாதவர் எவ்வளவு வேகமாக ஓடுவார் என்பதற்கா?

சீக்கிரமே அவர் இடது காலைத் தாங்கித் தாங்கி வைக்க ஆரம்பித்தார். ஒருநாள் சொசைட்டி கேட் அருகில் அவரை நிறுத்தினேன். கீழே உட்கார்ந்து, அவர் எனக்குச் செய்த மாதிரியே கட்டை விரலால் எலும்போரம் அழுத்திக்கொண்டு வந்தேன். ஓர் இடத்தில் அவர் உடம்பு துள்ளியது. ஒரே புள்ளி.

"அக்கா, வலிக்குதுல்ல?"

"வலிக்குது."

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"தெரிஞ்சே ஓடறீங்களா? நீங்கதானே சொன்னீங்க, எலும்பு பேசினா எதிர்த்துப் பேசக் கூடாதுன்னு?"

அக்கா என் தலையில் கை வைத்தார். "நிறுத்தறதுக்கும் ஒரு காரணம் வேணும்ல அம்மிணி," என்றார். சொல்லிவிட்டு ஓடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. நானும் அவர் கணவரும் எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். கணவர் பணம் கட்டப் போயிருந்தார். நானும் அக்காவும் டாக்டர் எதிரே உட்கார்ந்திருந்தோம்.

டாக்டர் வயதானவர், பொறுமையானவர். எலும்பில் கீறல் விழுந்திருக்கிறது, திடீரென்று வந்ததில்லை, பல நாளாக வலித்திருக்க வேண்டுமே என்றார் இந்தியில். அக்கா தலையாட்டினார். காலை ஊன்றக் கூடாது, கக்கத்தில் கட்டை வைத்துத்தான் நடக்க வேண்டும் என்றார். அதற்கும் தலையாட்டினார். ஓட்டத்தை மறந்துவிடுங்கள் என்றார். "ஜி," என்றார் அக்கா. அதுவரை அவர் முகத்தில் ஒன்றுமே இல்லை. டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிக்கொண்டே, "இன்னொன்று முக்கியம். வீட்டில் கனமாக எதையும் தூக்கவே கூடாது. அப்படி வேலை ஏதாவது இருந்தால் இன்றிலிருந்து வேறு யாரையாவது பார்க்கச் சொல்லிவிடுங்கள்," என்றார்.

அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"தூக்கக் கூடாதாமா அம்மிணி," என்றார். "எந்த டாக்டரும் என்னைப் பார்த்து இந்த ஒரு வார்த்தை சொல்லிரக் கூடாதுன்னுதானே இத்தனை வருசம் ஒவ்வொரு அடியும் பார்த்துப் பார்த்து வெச்சேன். இப்ப வந்து சொல்றாரு பாரு."

அதைச் சொன்னதும் உடைந்துவிட்டார். அவன் போன அன்றைக்கு வராத அழுகை, கூடத்தில் வராதது, வாசலில் வராதது, எல்லாம் சேர்ந்து அந்தச் சின்ன அறைக்குள் வந்தது. மேஜையில் தலையை முட்டிக்கொண்டு, "சாமி, சாமி" என்று அழுதார். நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டருக்கு எங்கள் பேச்சு புரியவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதறிப்போய் எழுந்து, காலில் அவ்வளவு வலியா என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்றேன்.